சர்பனேவா வெண்கலப் பதக்கம்: லேஸ் இடுக்கில் பச்சை. கழுவலாமா, விட்டுவிடலாமா?

பழம்பதக்கம்

பொருள்: சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணியும் பின்லாந்து வெண்கலப் பதக்கம், 1970-களின் பாணி. நீளம் 68 மி.மீ., அகலம் 41 மி.மீ., சங்கிலி இல்லாமல் எடை 42 கிராம். முகப்பு முழுக்க லேஸ் துணியைப் போலத் துளையும் முடிச்சுமாக இருக்கிறது. பின்பக்கம் சமதளம், அதில் நகை வடிவமைப்பாளர் பென்ட்டி சர்பனேவாவின் பெயரும் நாட்டின் பெயரும். கல் எதுவும் பதிக்கவில்லை.

கேள்விகள் மூன்று.
லேஸ் துளைகளுக்குள் இரண்டு விதப் பச்சை தெரிகிறது. ஒன்று கரும்பச்சை, பிசுபிசுப்பு. இன்னொன்று மேல்காதுக்கு (சங்கிலி வளையம் மாட்டும் பகுதி) கீழே வெளிர்பச்சைப் பொடி. இரண்டும் ஒன்றுதானா?
மேல்காதின் துளை தேய்ந்து முட்டை வடிவம் ஆகிவிட்டது. பற்றவைத்துச் சரிசெய்யலாமா?
பெயர் இருப்பதால் மட்டும் அசல் என்று நம்பலாமா?

எல்லாரும் "புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்" என்கிறார்கள். இன்னும் தொடவில்லை.

---

களிம்புக்காரன்

தொடாதது நல்லது. புளியை ரசத்துக்கு வையுங்க. விவரம் இரவு எழுதுகிறேன். அதுவரை தண்ணீர்கூட வேண்டாம்.

---

வடதிசை

மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் பின்னணி சொல்லித்தான் வர வேண்டும்.

பென்ட்டி சர்பனேவா (1925–1978). கண்ணாடிக் கலையில் பெயர்பெற்ற தீமோ சர்பனேவாவின் அண்ணன். கலேவலா கோரு, துர்க்கு நகரத்தின் துருன் ஹோபெயா ஆகிய நகை நிறுவனங்களுக்கு வடிவமைத்தவர். வெள்ளியிலும் செய்திருக்கிறார். ஆனால் சேகரிப்பவர்கள் அவர் பெயரைச் சொன்னதும் நினைப்பது வெண்கல லேஸைத்தான். பழைய மரத்தண்டின் பிளவும் கைப்பின்னல் லேஸும் ஒரே உலோகத் தகட்டில் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. அதே காலத்தில் யோர்மா லைனே துருன் ஹோபெயாவுக்கும், ஹன்னு இகோனென் வலோ கோரு நிறுவனத்துக்கும் செய்தார்கள். இகோனெனின் "கலைமான் பாசி" (கலைமான் மேயும் காட்டுப் பாசி, பாசிமணி அல்ல) வரிசை வெண்கலத்தில் நிறையக் கிடைக்கிறது. கிண்ணக்கிண்ணமாக விரியும் பாசி, உள்ளே இருட்டு, விளிம்பில் வெளிச்சம்.

"வெள்ளி வாங்க முடியாதவர்களுக்கு வெண்கலம்" என்று இதைப் படிக்கக் கூடாது. பின்லாந்தில் இரும்புக்காலக் கல்லறைகளிலேயே பெண்களின் உடையோடு வெண்கலம் வருகிறது. ஏவுராவின் லுயிஸ்தரி இடுகாட்டில் கிடைத்த உடையின் இடுப்பு முன்துணி (ஏப்ரன்) ஓரத்தில் வெண்கலச் சுருள்கள் இருந்தன. 1937-இல் கலேவலா கோரு தொடங்கியபோது முதலில் செய்தது, தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த அப்படிப்பட்ட தொல்நகைகளைப் பார்த்து வார்த்தவையே. 1960, 70-களின் சிற்ப நகை இந்த மண்ணில்தான் முளைத்தது.

இப்போது முத்திரை. பின்லாந்தின் கிரீடம், தர எண், நகரக் குறி, ஆண்டைச் சொல்லும் எழுத்து ஆகிய வரிசை தங்கம், வெள்ளி போன்ற விலைமதிப்புள்ள உலோகங்களுக்கானது. வெண்கலத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே விற்பவர் "1971 முத்திரை உள்ள வெண்கலம்" என்றால் படம் கேளுங்கள். பெரும்பாலும் பெயர், நாடு, சிலதில் உலோகத்தின் பெயர், அவ்வளவுதான் இருக்கும். ஆண்டைப் பாணியையும் பழைய விற்பனைப் பட்டியலையும் வைத்தே தோராயமாகச் சொல்ல முடியும்.

இன்னொரு சிக்கல்: கலேவலா கோருவின் தொல்நகை வடிவங்களில் பல இன்றும் உற்பத்தியில் இருக்கின்றன. வடிவத்தை மட்டும் பார்த்து "பழசு" என்று முடிவு செய்தால் புதுப்பொருளுக்குப் பழம்பொருள் விலை கொடுப்பீர்கள்.

---

மூசை

பெயரைவிட அளவு பேசும். ஸ்கேலை எடுங்க, இன்னும் நல்லது வெர்னியர்.

இந்த மாதிரி நகை வரிசையாக வார்க்கப்படுவது இப்படித்தான். ஒரு மூலமாதிரி. அதைச் சுற்றி ரப்பரை அடுக்கி, 150 டிகிரி அளவில் அழுத்தி, முக்கால் மணிநேரம் வேகவைப்பார்கள். கத்தியால் இரண்டாகப் பிளந்து மாதிரியை எடுத்ததும் உள்ளே வெற்றிடம். அதில் 70 டிகிரி அளவில் உருகிய மெழுகைச் செலுத்தினால் ஒரு நகல். அப்படி இருபது முப்பது நகல்களை மெழுகுத் தண்டில் மரம்போல ஒட்டி, சுற்றிலும் வார்ப்புப் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். 100 பங்கு பொடிக்கு 38–40 பங்கு தண்ணீர். சூளையில் படிப்படியாக 700 டிகிரிக்கு மேல் ஏற்றினால் மெழுகு எரிந்துபோகும், அந்த இடத்தில் வெண்கலம். சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் வண்டலும் செய்யும் வேலையே இது. ஒரு வித்தியாசம், அங்கே மெழுகுக் கரு கையால் செய்தது, ஒரு முறைக்கு ஒன்று. இங்கே ரப்பர் அச்சு இருப்பதால் ஒரே கருவை ஆயிரம் முறை எடுக்கலாம்.

இதில் உங்களுக்கு வேண்டியது சுருக்கம். ரப்பர் சுருங்கும், மெழுகு சுருங்கும், உலோகமும் ஆறும்போது சுருங்கும். மொத்தம் 3 முதல் 6 சதவீதம். தொழிற்சாலை அதைக் கணக்கில் வைத்து மூலமாதிரியைப் பெரிதாகச் செய்திருக்கும். போலி செய்பவனிடம் மூலமாதிரி இல்லை. கடையில் வாங்கிய நகையையே மாதிரியாக வைத்து ரப்பர் எடுப்பான். ஆக அவன் நகல் இன்னொரு சுற்றுச் சுருங்கும். 68 மி.மீ. பதக்கம் 64–66க்கு வந்துவிடும். குளிர்நிலை சிலிக்கோன் அச்சில் சுருக்கம் குறைவு, அப்போது 66-ஐத் தாண்டியும் நிற்கலாம்.

அதே மாடலின் நம்பகமான அளவு ஏதாவது அருங்காட்சியகப் பதிவிலோ ஏல நிறுவனப் பட்டியலிலோ இருந்தால் ஒப்பிடுங்க. தடிமனையும் பாருங்க. நகலில் லேஸ் துளைகளின் ஓரம் மழுங்கும், சின்னத் துளைகள் அடைபட்டுவிடும், அடைபட்டதைத் துரப்பணத்தால் திறந்திருந்தால் துளை கணக்காய் வட்டமாக இருக்கும். லேஸில் கணக்கான வட்டம் ஏது?

எழுத்தின் உள்மூலையில் கடுகிலும் சின்ன உலோக மணிகள் தெரிந்தால் பிளாஸ்டரில் காற்றுக்குமிழி இருந்தது என்று பொருள். அது அசலிலும் வரும். மணிகளை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீங்க. எழுத்து கொஞ்சம் மங்கலாக இருப்பதும் அப்படித்தான், அசலிலேயே பெயர் மாதிரியோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். பிறகு குத்திய முத்திரை இல்லை அது.

---

நிறைகோல்

உலோகம் வெண்கலம்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 0.1 கிராம் காட்டும் தராசு போதும், 0.01 இருந்தால் நிம்மதி. தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்க. பதக்கத்தை நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்க, அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. தராசு காட்டும் எண்தான் பொருள் ஒதுக்கிய தண்ணீரின் எடை. 42.0 கிராம் பதக்கம் 4.8 காட்டினால் அடர்த்தி 42 ÷ 4.8 = 8.75. வெண்கலம் உறுதி.

---

மூசை

கடைசி இரண்டு சொல் தவிர எல்லாம் சரி, நிறைகோல்.

தகரம் 10 சதவீதம் உள்ள வெண்கலம் 8.8 அளவில் வரும். செம்பு 90, துத்தநாகம் 10 உள்ள கலவையும் 8.8. அதுவோ நம் பேச்சில் பித்தளை. ஆனால் அமெரிக்க உலோக வணிகத்தில் அதற்குப் பெயரே "கமர்ஷியல் வெண்கலம்". செம்பு 87.5, துத்தநாகம் 12.5 என்றால் "நகை வெண்கலம்". தகரம் ஒரு துளியும் கிடையாது! இன்று கைவினை வார்ப்பில் அதிகம் ஓடுவது இன்னொன்று: செம்பு 95, சிலிக்கன் 4, மாங்கனீசு 1. அதையும் வெண்கலம் என்றே விற்கிறார்கள்.

அடர்த்திச் சோதனை ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்லும்: துத்தநாக வார்ப்பின் மேல் வெண்கலமுலாம் பூசிய மலிவுச் சரக்கா இல்லையா என்று. அது 6.6–6.7இல் நிற்கும். சாதாரணப் பித்தளை 8.4–8.5. அதற்கு மேல் போனால் வெண்கலமாகவும் இருக்கலாம், செம்பு மிகுந்த பித்தளையாகவும் இருக்கலாம்.

கலவை தெரிய வேண்டும் என்றால் எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ்கதிர் வைத்து உலோகங்களை அளக்கும் கருவி. நம் ஊர் நகைக்கடையில் காரட் மீட்டர் என்பார்களே, அதே தொழில்நுட்பம். தங்கத்துக்காக அளவு திருத்திய கருவி தகரத்தைச் சரியாகக் காட்டாமல் போகலாம். வைப்பதற்கு முன் "தகரம் தனியாக வருமா" என்று கேட்டுவிடுங்க. பின்பக்கச் சமதளத்தில் சுத்தமான இடத்தில் வைக்கச் சொல்லுங்க, லேஸ் மேல் வைத்தால் பாதிக் கதிர் துளைக்குள் போய்விடும்.

---

நிறைகோல்

ஏற்கிறேன். லேஸ் வேலைக்கு ஒன்று சேர்க்கிறேன்: துளைகளில் காற்றுக்குமிழி ஒட்டினால் ஒதுக்கும் தண்ணீர் கூடிவிடும், அடர்த்தி குறைவாகக் காட்டும். நல்ல வெண்கலமும் 8.2 என்று பொய்ச்சாட்சி சொல்லும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு, பதக்கத்தை உள்ளேயே இரண்டு ஆட்டு ஆட்டி, பிறகு அளவெடுங்க.

ஆனால் வெளிர்பச்சைப் பொடி என்னவென்று தெரியும்வரை நனைக்க வேண்டாம். களிம்புக்காரன் சொன்னது சரி.

---

களிம்புக்காரன்

வந்தேன். இந்த இழையில் இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளும்.

கரும்பச்சைப் பிசுக்கும் வெளிர்பச்சைப் பொடியும் ஒன்றல்ல. முதலாவது அழுக்கு, இரண்டாவது நோயாக இருக்கலாம்.

கரும்பச்சை: தோல் எண்ணெய், கிரீம், பழைய பாலிஷின் மெழுகு ஆகியவற்றில் உள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து உண்டாகும் சோப்பு மாதிரிப் பொருள். மூங்கில் குச்சியால் தொட்டால் மெழுகுபோல் வழியும், உதிராது. அவசர ஆபத்து இல்லை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் எடுத்துவிடலாம், விடாப்பிடியாக இருந்தால் ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்). ஒவ்வொரு துளையாக. லேஸ் பதக்கத்துக்கு இரண்டு மூன்று மணிநேரம் ஆகும். ஊசி, இரும்புக் கம்பி, பித்தளைத் தூரிகை மூன்றும் வேண்டாம். அம்பர், முத்து, ஒட்டிய கல் உள்ள நகை என்றால் இந்தக் கரைப்பான்களும் வேண்டாம்.

வெளிர்பச்சை: குச்சியால் தொட்டால் மாவாக உதிர்கிறதா? கீழே குழி தெரிகிறதா? அப்படியானால் குளோரைடு அரிப்பு. வெண்கல நோய் என்பார்கள். உலோகத்துக்குள் குப்ரஸ் குளோரைடு உட்கார்ந்திருக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது பச்சைப் பொடியாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரியும். அந்த அமிலம் அடியிலுள்ள செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகும். சுழற்சி நிற்காது. வெளிப்பொடியைத் துடைத்துவிட்டு "போச்சு" என்று இருந்தால் இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி பூக்கும். குளோரைடு எங்கிருந்து வந்தது? வியர்வை, கடற்காற்று, உப்பு கலந்த எலுமிச்சை வைத்தியம், பிளீச்சிங் நீர். காதுக்குக் கீழே வந்திருப்பது ஆச்சரியமில்லை, கழுத்து வியர்வை சங்கிலி வழியாக இறங்கித் தேங்கும் இடம் அது.

உறுதிசெய்ய எளிய வழி: பொடியை உலர் தூரிகையால் எடுத்து, அந்த இடத்தைப் படம் பிடியுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு மூலையில் நனைந்த பஞ்சு, மறுமூலையில் சிறு மூடியின் மேல் பதக்கம். பஞ்சு படக்கூடாது. 24 முதல் 48 மணிநேரம். புதிதாக வெளிர்பச்சைப் புள்ளி முளைத்தால் நோய் உயிரோடு இருக்கிறது. முளைக்காவிட்டால் பழைய வடு.

புளி ஏன் கூடாது? புளியில் டார்டாரிக் அமிலம். அது செம்பின் ஆக்சைடைக் கரைக்கும், அதனால்தான் குத்துவிளக்கு பளிச்சென்று ஆகிறது. குத்துவிளக்குக்கு அது பரவாயில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி தேய்ப்போம். இந்தப் பதக்கத்தில் துளைகளுக்குள் இருக்கும் கறுப்பு அழுக்கில்லை. தொழிற்சாலையில் வேண்டுமென்றே கறுப்பாக்கி, மேடுகளை மட்டும் மெருகேற்றி அனுப்பியது. அந்தக் கறுப்பு போனால் லேஸ் போய்விடும், ஓட்டை விழுந்த மஞ்சள் தகடு மிஞ்சும். போதாததற்கு நாம் புளியோடு கல்லுப்பும் சேர்ப்போம். அதாவது குளோரைடை நம் கையாலேயே ஊட்டுகிறோம்.

---

அகல்யா_மணி

ஒரு சந்தேகம். ஏற்கெனவே யாரோ பளபளப்பாக்கிவிட்ட நகைகள் நிறையச் சந்தைக்கு வருகின்றன. அவற்றில் அந்தக் கறுப்பைத் திரும்பக் கொண்டுவருவது சரியா? முடியுமா?

---

மூசை

முடியும் அக்கா. சரியா என்பதற்கு வடதிசை சண்டைக்கு வருவார்.

லிவர் ஆஃப் சல்ஃபர், அதாவது பொட்டாசியம் பாலிசல்ஃபைடு. பட்டாணி அளவுக் கட்டி, கால் லிட்டர் வெந்நீர், 60 டிகிரிக்கு மேல் வேண்டாம். கொதிக்க வைக்கவே கூடாது, கெட்ட வாயு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்க. பக்கத்தில் அமிலம் எதுவும் இருக்கக்கூடாது. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அது விஷம். நகை எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்க வேண்டும், விரல்ரேகை இருந்தால் அப்படியே ரேகையாகப் பதியும். முக்கி ஐந்து விநாடி, எடுத்து வெந்நீரில் அலசு, பாரு, மறுபடி முக்கு. ஒரே முக்கில் கருக்க நினைத்தால் தடித்த படலம் வந்து, காய்ந்ததும் செதில்செதிலாக உதிரும். நிறம் போதும் என்றதும் சமையல் சோடாத் தண்ணீரில் நிறுத்துங்க. பிறகு மேடுகளை மட்டும் தட்டை மரத்துண்டில் ஒட்டிய 1500 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தட்டையாக. விரலில் சுற்றித் தேய்த்தால் தாள் துளைக்குள் இறங்கி உழைப்பு வீண்.

செம்பில் நன்றாகப் பிடிக்கும், வெண்கலத்தில் சுமார், பித்தளையில் தகராறு. பித்தளைக்கு ஒரு குறுக்குவழி: செம்பு கரைந்து நீலமான பழைய திராவகத்தில் இரும்புக் கம்பி தொட்டபடி நகையைப் போட்டால் மேலே மெல்லிய செம்புப் படலம் ஏறும். அதன்மேல் கருக்கலாம். பட்டறையில் இதைத் தவறுதலாகச் செய்து வெள்ளி நகையைச் சிவப்பாக்குவார்கள், இங்கே தெரிந்தே.

---

வடதிசை

சண்டைக்கு வரவில்லை, ஒரு நிபந்தனை மட்டும். விற்கும்போது "மறுபடி கருக்கியது" என்று எழுதிவிடுங்கள். அசல் மேற்பரப்பு இருக்கும் நகையும் மறுகருக்கல் நகையும் ஒரே விலையல்ல.

---

அரமும்_உளியும்

காதுத் துளை பற்றி யாரும் பேசலையே.

முதல்ல அளந்து பாருங்க. துளைக்கு மேல மிச்சம் இருக்கிற உலோகம் ஒரு மி.மீ.க்கு மேல இருந்தா ஒண்ணும் செய்ய வேண்டாம். வளையத்தை மாத்துங்க போதும். தேய்ஞ்சதுக்குக் காரணம் பெரும்பாலும் மெல்லிய வளையம், இல்லேன்னா எஃகு வளையம். மெல்லிய கம்பி கத்தி மாதிரி அறுக்கும். எஃகு வெண்கலத்தைவிடக் கடினம், வியர்வையில ரெண்டு உலோகமும் சேர்ந்தா அரிப்பு வேற. 1.2 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பி, உள்விட்டம் 5 மி.மீ., இது 42 கிராமுக்குத் தாங்கும். வளையத்தைத் திறக்கிறப்ப ரெண்டு முனையையும் அகலமா இழுக்கக் கூடாது. ஒண்ணை முன்னால, ஒண்ணைப் பின்னால திருகுங்க. மூடும்போது கொஞ்சம் தாண்டித் திருகித் திரும்ப வந்தா முனை ரெண்டும் உரசி நிக்கும், நகத்துல தடவினா இடைவெளி தட்டுப்படாது.

மிச்சம் ஒரு மி.மீ.க்குக் கீழே போயிட்டா, முட்டைத் துளையை வட்டமாக்கி, வெண்கலக் குழாய்த் துண்டு ஒண்ணை உள்ள இறுக்கலாம். வெளிவிட்டம் 2.5, உள்விட்டம் 1.6. பற்றவைப்பே வேண்டாம்.

பற்றவைக்கிறது கடைசி வழி. வெள்ளிப் பொடி, அதாவது வெள்ளி கலந்த பற்று, ஓட 650–720 டிகிரி வேணும். அந்தச் சூட்டுல காதை மட்டும் காய்ச்ச முடியாது, வெண்கலம் சூட்டை முழுப் பதக்கத்துக்கும் கொண்டுபோகும், மேற்பரப்பு நிறம் எல்லாம் போயிடும். லேசர் வெல்டிங் இருக்கிற கடையில கொடுத்தா அந்தப் புள்ளி மட்டும் சுடும்.

அதைவிட மோசம் ஈயப்பற்று. பழைய நகையில யாரோ ரேடியோ பழுதுபார்க்கிற ஈயத்தை வச்சு ஒட்டியிருப்பாங்க, சாம்பல் நிறத்துல வழிஞ்சிருக்கும். அதுக்கு மேல வெள்ளிப் பொடி வச்சு ஊதினா ஈயம் வெண்கலத்துக்குள்ள இறங்கி உலோகத்தையே தின்னு ஓட்டை போடும். லேஸ் மாதிரி மெல்லிய வேலை ஒரு நொடியில சரிஞ்சிடும். ஆசாரிகிட்ட கொடுக்கிறப்ப "இதுல ஈயம் இருக்கு"ன்னு சொல்லிட்டுக் கொடுங்க. சொல்லலேன்னா அவர் வெங்காரம் தடவி ஊதிடுவார், தப்பு அவர் மேல இல்லை.

---

அகல்யா_மணி

காப்பு வகைக்கும் இதே எச்சரிக்கையா? கைக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நெருக்கிப் போடுகிறார்களே.

---

அரமும்_உளியும்

வார்த்த வெண்கலக் காப்பை நெருக்கவே கூடாது. அடிச்சு வளைச்ச தகட்டுக்குத்தான் அந்தக் குணம். வார்ப்புல உள்ளே சின்னச் சின்ன வெற்றிடம் இருக்கும், தகரமும் சேர்ந்தா வளையாது, முறியும். முதல் முறை மயிரிழை விரிசல், ரெண்டாவது முறை ரெண்டு துண்டு. வாங்கறதுக்கு முன்னால உள்சுற்றளவையும் வாய் இடைவெளியையும் தனித்தனியாக் கேளுங்க. தகடு தகடா கோத்த பின்லாந்துக் கைச்சங்கிலியா இருந்தா தொல்லை இல்லை, ஒரு கண்ணியைக் கழட்டி டப்பாவுல பத்திரமா வச்சுக்கலாம். கண்ணியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, விற்கிறப்ப கேப்பாங்க.

---

கண்டபடி

எல்லாம் சரி. ரப்பர் அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்ததை வடதிசை "சிற்ப நகை" என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா? அமெரிக்கச் சிற்பி கால்டர் கையால் அடித்த பித்தளை நகை கலை. இது தொழிற்சாலைச் சரக்கு.

---

வடதிசை

நல்ல கேள்வி, ஆனால் கோடு கிழித்த இடம் தவறு.

அலெக்சாண்டர் கால்டர் ஏறத்தாழ 1,800 நகைகள் செய்தார், பெரும்பாலும் பித்தளை, வெள்ளிக் கம்பியை அடித்தும் சுருட்டியும். பற்றவைப்பைத் தவிர்த்து ஆணியும் கம்பிக்கட்டுமாக இணைத்தார். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. நியூயார்க்கில் ஆர்ட் ஸ்மித் (1917–1982) பித்தளையையும் செம்பையும் உடம்பைச் சுற்றி ஓடும் பெரிய வடிவங்களாக வளைத்தார். அவருக்கு நகை என்பது உடம்பு இல்லாமல் முடியாத வடிவம். இவர்களிடம் சிற்பம் இருப்பது கையின் தடத்தில்.

சர்பனேவாவிடம் கையின் தடம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். அவருடைய சிற்பம் ஆழத்தில் இருக்கிறது. ஒரு தகட்டில் எங்கே துளை, எங்கே மேடு, எங்கே நிழல் தங்கும் என்று கணக்கிட்டு மூலமாதிரியில் ஒருமுறை தீர்த்துவிட்டார். அதன்பின் ஆயிரம் வார்த்தாலும் அந்தத் தீர்மானம் ஆயிரம் முறையும் நிற்கிறது, அச்சு தேயும்வரை. அச்சு தேய்ந்த பிறகு வந்தவற்றில் துளையோரம் உருண்டுவிடும். அதனால்தான் இதே வடிவத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்கிறோம். கால்டரிடம் அந்தத் தொல்லை இல்லை. விலைத் தொல்லைதான்.

---

கண்டபடி

"அச்சு தேயும்வரை கலை". சரி, இதை ஏற்கிறேன்.

---

அகல்யா_மணி

அணிவது பற்றி யாராவது சொல்லுங்கள். சென்னை வெயிலில் கழுத்து பச்சையாகிறது என்று பலர் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள்.

---

களிம்புக்காரன்

பச்சை என்பது செம்பும் வியர்வையும் சேர்ந்த உப்பு. சோப்புப் போட்டால் போய்விடும், உடம்புக்குத் தீங்கில்லை. அரிப்பு, தடிப்பு வந்தால் அது வேறு கதை, பெரும்பாலும் நிக்கல். பதக்கத்தில் இருக்காது; பிற்பாடு மாட்டிய முலாம் சங்கிலியிலும் கொக்கியிலும் இருக்கும். டைமெத்தில்கிளையாக்ஸைம் சோதனைத் திரவம் ஒரு துளி பஞ்சில் விட்டு முப்பது விநாடி தேயுங்கள், பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான நிக்கல் கட்டுப்பாட்டு உத்தரவு 1994-இல்தான் வந்தது, ஆகவே 70-களின் சங்கிலிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தோலில் படும் பின்பக்கத்துக்கு நுண்படிக மெழுகு. பயறளவு எடுத்து மெல்லிய பருத்தித் துணியால் பரப்பி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். தினம் அணிந்தால் ஒரு வாரம் தாங்கும். அதிகம் வைத்தால் துளைகளில் வெள்ளையாக உறைந்து நிற்கும், எடுக்க மறுபடி குச்சி வேலை. பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்துத் தூரிகையால் பூசினால் இன்னும் நாள் நிற்கும். நம் ஊர் மழைக்கால ஈரக்காற்றில் பூசாதீர்கள், அசிட்டோன் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும்.

கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. கழுவியே ஆக வேண்டும் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்). போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலும் குளோரைடு. ஜிப் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், கம்பளித் துணியில் சுற்றாதீர்கள். இரண்டிலும் கந்தகம் இருப்பதால் பட்ட இடம் வரிவரியாகக் கறுக்கும்.

---

நிறைகோல்

எடைக்கும் ஒரு வரி. 40 கிராமுக்கு மேல் போனால் மெல்லிய சங்கிலி கழுத்தின் பின்னெலும்பில் அறுக்கும். 3 மி.மீ.க்குக் குறையாத கண்ணி அல்லது தோல்கயிறு. சாயம் போகும் தோல் வெண்கலத்தில் கறை விடும், முதலில் ஈரப்பஞ்சால் தேய்த்துப் பாருங்க. பதக்கம் அடிக்கடி குப்புறத் திரும்பினால் காது எடைமையத்துக்கு நேர்மேலே இல்லை என்று பொருள், வளையத்தை ஒரு அளவு பெரிதாக்கினால் பாதி சரியாகும்.

---

பழம்பதக்கம்

எல்லாருக்கும் நன்றி. டப்பாச் சோதனை 48 மணிநேரம் முடிந்தது.

கரும்பச்சை இருந்த இடங்களில் மாற்றமில்லை. ஆல்கஹாலில் வழிந்து வருகிறது. காதுக்குக் கீழே மட்டும் கடுகளவு ஒரு வெளிர்பச்சைப் புள்ளி புதிதாக முளைத்திருக்கிறது, கீழே சின்னக் குழி. மற்ற இடமெல்லாம் சுத்தம். துளைக்கு மேல் மிச்ச உலோகம் 1.4 மி.மீ., ஆக வளையம் மாற்றினால் போதும். ஒரே புள்ளிக்காக முழுப் பதக்கத்தையும் ஏதாவது கரைசலில் ஊறவைக்க வேண்டுமா?

---

களிம்புக்காரன்

ஒரே புள்ளிக்கு ஊறவைக்க வேண்டாம். சோடியம் செஸ்குவிகார்பனேட் 5 சதவீதக் கரைசலில் வாரக்கணக்கில் வைப்பது உடம்பு முழுக்க நோய் பரவிய பொருளுக்கு. அது அசல் நிறத்தையும் மாற்றிவிடும். செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோடிரையசோல் குளியலும் இப்போதைக்கு வேண்டாம், தோலில் படும் நகை இது.

புள்ளியை மட்டும் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்து, கூர் மரக்குச்சியால் குழியின் அடிவரை பச்சையை எடுங்கள். இந்த ஒரு இடத்துக்கு மட்டும் தையல் ஊசி அனுமதி. அடியில் மெழுகுபோன்ற சாம்பல் படலம் தெரிந்தால் அதுதான் குளோரைடு, அதையும். பிறகு வெள்ளி ஆக்சைடுத் தூள், குண்டூசித் தலையளவு. ஆல்கஹாலில் குழைத்துக் குழிக்குள் அழுத்தி, காயவிட்டு, அதே ஈர டப்பாவில் 24 மணிநேரம். மிச்சக் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து கரையாத வெள்ளி குளோரைடாக மூடிக்கொள்ளும். மறுபடி பச்சை எட்டிப் பார்த்தால் எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். மூன்று நான்கு முறைகூட ஆகலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளி ஆக்சைடு விரலைக் கறுக்கும்.

அந்த அடைப்பு கரும்பழுப்பாக நிற்கும். லேஸின் கறுப்போடு கலந்துவிடும், வண்ணம் தீட்ட வேண்டியதில்லை. மெழுகு அதற்குப் பிறகுதான். முன்னால் பூசினால் வெள்ளி ஆக்சைடு உள்ளே இறங்காது.